ஜெபசிங் கொடுத்த சம்மதம்

ஜெபசிங் தன் வாழ்நாளில் அரசாங்கத்திடம் எதையும் கேட்டவர் அல்ல. திருத்தணி பேருந்து நிலையத்திலிருந்து ஆர்.கே.பேட்டை சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போலீஸ்காரர் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னால் தள்ளி நிறுத்துவார். ஏன் என்று கேட்டதில்லை. கிருத்திகை நாட்களில் மலைக்கோயில் கூட்டத்துக்காகச் சாலையையே மூடிவிட்டால் வீட்டில் படுத்துத் தூங்குவார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு மாலையில், நாகலாமேடு ஊர் முழுவதன் சார்பாகவும் அரசாங்கத்திடம் ஒன்றைக் கேட்டுப் பெற்றுவிட்டார். அவர் கேட்டுப் பெற்றது ஒரு குப்பைக் கிடங்கு.

இது நடந்ததற்குக் காரணம் மக்கள் இசைவு ஆணையம். அரசு எதைச் செய்தாலும் அது மக்களே விரும்பிக் கேட்டதாக இருக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. முன்பெல்லாம் அரசு ஒரு முடிவெடுக்கும், மக்கள் எதிர்ப்பார்கள், போலீஸ் வரும். எல்லோருக்கும் மனக்கசப்பு. இப்போது அரசு முடிவெடுத்த பிறகு ஆணையத்தின் அலுவலர் ஊருக்கு வருகிறார். ஷாமியானா போட்டு, மக்களின் விருப்பத்தைத் திரட்டி எடுத்துக்கொண்டு போகிறார். மனக்கசப்புக்கு இடமே இல்லை.

நாகலாமேட்டுக்கு வந்த இசைவு அலுவலரின் பெயர் வேதாசலம். அவர் கெட்டவர் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். மெலிந்த மனிதர், குரலை உயர்த்த மாட்டார், கிழவிகளைக்கூட வாங்க போங்க என்றுதான் அழைப்பார். மக்களே எஜமானர்கள் என்று சொல்லும்போது உண்மையாகவே கைகூப்புவார். கூப்பிய கைகளுக்கு மேலாக அவர் கண்கள் மட்டும் எங்கோ தூரத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் ஜீப்பில் இருக்கும்.

ரேஷன் கடை எதிரில் நடந்த கூட்டத்தில் அவர் தீர்மானத்தை வாசித்தார். நாகலாமேட்டு மக்களாகிய நாங்கள், எங்கள் ஊர் மேய்ச்சல் நிலம் பயனின்றிக் கிடப்பதைக் கண்டு நெடுங்காலமாக மனம் வருந்தி, அதில் ஒருங்கிணைந்த திடக்கழிவு மேலாண்மை வளாகம் அமைத்துத் தருமாறு அரசைப் பணிந்து வேண்டுகிறோம் என்று அது போயிற்று. ஊர்க்காரர்களுக்கு அதில் வளாகம் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. சிலர் ஆஸ்பத்திரி என்று நினைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் கல்யாண மண்டபம் என்று ஒரு பேச்சு ஓடியது.

ஜெபசிங்கின் காதில் கழிவு என்ற சொல் தைத்தது. அது என்ன கழிவு, எந்த ஊர்க் கழிவு என்று கேட்க நினைத்தார். மிஷன் பள்ளியில் படித்தவர். கேள்வி இருந்தால் கையைத் தூக்கி, பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். கையைத் தூக்கினார்.

வேதாசலம் வாசிப்பை நிறுத்தினார். மேடையிலிருந்து இறங்கி நேராக ஜெபசிங்கிடம் வந்தார். தூக்கிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். புகைப்படக்காரர் எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"சார், நான் ஒண்ணு கேக்கணும்" என்றார் ஜெபசிங்.

"கேட்டுட்டீங்க. கேட்டதக் குடுக்கறதுக்குத்தான் நாங்க வந்திருக்கோம்" என்றார் வேதாசலம்.

பிறகு ஜெபசிங்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கை தூக்காத மற்றவர்கள் எதிர்ப்பு ஏதும் தெரிவிக்காததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வந்தன. பஜ்ஜி சூடாக இருந்தது. அதைத் தின்றுகொண்டிருக்கும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபசிங்கும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தப் பொன்னாடை பிடித்திருந்தது. ஐம்பது வயதாகிறது, சொந்தக் கல்யாணத்தில்கூட மாலையைத் தவிர வேறெதுவும் அவர் தோளில் விழுந்ததில்லை. சில நாட்களில் திருத்தணி பேருந்து நிலையச் சுவரில் அவர் படம் போட்ட பெரிய சுவரொட்டி ஒட்டப்பட்டது. ஒரு கை வானத்தை நோக்கி உயர்ந்திருந்தது. கீழே, நாகலாமேட்டு மக்களின் குரல் என்று எழுதியிருந்தது. அவரை எப்போதும் விரட்டும் போலீஸ்காரர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டி நிழலிலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கை கொடுத்தார். ஜெபசிங் இரண்டு முறை சுற்றுவழியில் நடந்து அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

தறிக் கொட்டகையில் நூல் சுற்றும் வேலை பார்க்கும் அவர் மனைவி பெர்சிஸ் மட்டும் சோறு போடும்போது கேட்டாள்.

"ஊருக்காக கேட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, இன்னாத்த கேட்டீங்க?"

அவர் சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ வளாகமாம் என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு சோறு அவருக்குச் சரியாக இறங்கவில்லை.

மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. மணியம்மை என்பவள் ஜெபசிங்கின் அடுத்த வீட்டுக்காரி. புருஷன் போன பிறகு இரண்டு எருமைகளை வைத்துப் பிழைத்துவந்தாள். பெர்சிஸுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து படுத்திருந்த நாட்களில், யாரும் கேட்காமலேயே தினமும் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவள். அவளுடைய எருமைகள் அன்று காலை வழக்கம்போலப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன. காவலுக்கு இருந்தவரிடம் அவள் சண்டைக்குப் போயிருக்கிறாள். அவர், டவுன் குப்பையை இங்கே கொட்டச் சொல்லிக் கேட்டது இவர்தான் என்று வேலிக்கம்பத்தில் கட்டியிருந்த ஜெபசிங்கின் படத்தைக் காட்டியிருக்கிறார்.

மணியம்மை வந்து வாசலில் நின்றாள்.

"ஜெபசிங்கு, டவுன் குப்பயெல்லாம் இட்டாந்து இங்க கொட்டுங்கன்னு நீ கேட்டியாமே?"

அவள் கத்தவில்லை. பதிலுக்காக நின்றாள். ஜெபசிங்கால் இல்லை என்று சொல்ல முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்குள் கொடியில் அந்தப் பொன்னாடை தொங்கிக்கொண்டிருந்தது, வாசலிலிருந்தே தெரிந்தது. அவர் அதற்கும் அவளுக்கும் நடுவில் நகர்ந்து நின்றுகொண்டார். அவர் அப்படி நகர்ந்ததை அவள் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றே அவர் தன் சம்மதத்தைத் திரும்ப வாங்கிவரக் கிளம்பினார்.

வேதாசலத்தின் அலுவலகம் புறவழிச் சாலையில் ஒரு மாடியில் இருந்தது. அவர் எழுந்து வரவேற்று உட்காரச் சொன்னார். ஜெபசிங் நடந்ததைச் சொன்னார். தான் கேள்வி கேட்கத்தான் கையைத் தூக்கியதாகவும், குப்பைக் கிடங்கு யாருக்கும் வேண்டாம் என்றும், தயவுசெய்து கையை இறக்கிவிட்டதாக எழுதிக்கொள்ளும்படியும் கேட்டார். வேதாசலம் மிகவும் கவனமாகக் கேட்டார். கையைத் தூக்குவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இறக்குவதற்கு இதுவரை தேவை எழவில்லை, அதனால் இடமில்லை என்று விளக்கினார். மக்கள் முன்னேறிக்கொண்டே போகிறவர்கள், பின்வாங்குவார்கள் என்று அரசு எதிர்பார்க்கவில்லை என்றார்.

"அப்ப நீங்களாவது நிறுத்துங்க சார்."

"நான் எப்படிங்க? எனக்கு அதிகாரம் மேல இருந்துதான் வருது" என்று வேதாசலம் கூரையைப் பார்த்தார். ஜெபசிங்கும் பார்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மேலே என்றால் திருவள்ளூர். அங்கே இருந்த அலுவலர், கீழே இருந்து வருவதை மேலே அனுப்புவதும் மேலே இருந்து வருவதைக் கீழே அனுப்புவதும்தான் தன் வேலை, நடுவில் தனக்கென்று ஒரு அபிப்பிராயம் வந்துவிடாமல் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பெருமையுடன் சொன்னார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் மேலே என்று சொன்னது சென்னையை.

ஜெபசிங் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் சென்னைக்குப் போனார். ஆணையர் ஜெகநாதன் அவ்வளவு பெரிய மனிதராக இருந்தும் காக்கவைக்கவில்லை. பெயரைச் சொன்னதுமே உள்ளே அழைத்தார்கள். அதற்குக் காரணம் உள்ளே போனதும் தெரிந்தது. ஆணையரின் நாற்காலிக்குப் பின்னால், சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஜெபசிங்கின் படம் மாட்டப்பட்டிருந்தது. படத்திலிருந்த கை, நேரில் வந்திருந்த ஆளைவிடப் பெரியதாக இருந்தது.

ஜெகநாதன் காபி வரவழைத்தார். வந்தவர் சொன்னதைக் கண்களை மூடிக் கேட்டார். பிறகு மிகவும் கனிவாகப் பேசினார்.

"அரசாங்கத்துக்குன்னு ஒரு ஆசை கிடையாதுங்க. இந்த நாற்காலியில உக்காந்து எவ்வளவோ முடிவு எடுத்திருக்கேன். அதுல ஒண்ணுகூட என்னோடது இல்ல, எல்லாம் மக்களோடது. அதனாலதான் எனக்குப் படுத்த உடனே தூக்கம் வருது."

அந்த முடிவுகள் தப்பாகப் போனால் என்ன செய்வார் என்று ஜெபசிங் கேட்டார்.

"மக்கள் இப்படித் தப்பு பண்ணிட்டாங்களேன்னு வருத்தப்படுவேன்" என்றார் ஆணையர். சொல்லும்போதே அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

ஜெபசிங் இத்தனை மரியாதையாக நடத்துகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எருமைகளை நினைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க பேர சொல்லி செய்றீங்களே சார், அதுக்கு உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?"

ஆணையர் சிரித்தார். நாற்காலியைத் திருப்பிச் சுவரைக் காட்டினார்.

"இவர்தான்."

"அது நான்தான் சார். நான்தான் வேணாங்கறேன்."

"நீங்க வேணாம்னு சொல்றது ஒரு தனி மனுஷனோட கருத்து. நான் அத மதிக்கிறேன். ஆனா இந்தப் படத்துல கை தூக்கியிருக்கறது தனி மனுஷன் இல்ல, மக்கள். யாரோ ஒருத்தர் வந்து சொன்னார்ங்கறதுக்காக மக்களோட முடிவ மாத்தினா அது ஜனநாயகமா, நீங்களே சொல்லுங்க?"

ஜெபசிங் காபியைக் குடித்துவிட்டு வணக்கம் சொல்லி வந்துவிட்டார். ரயிலில் கதவருகே நின்று வரும்போது, மணவூர் தாண்டுகையில்தான் அவருக்குப் பதில் தோன்றியது. நான் மக்கள் இல்லை என்றால் அந்தப் படத்தைக் கழற்றுங்கள், மக்கள்தான் என்றால் நான் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதில்தான். ஆனால் அதற்குள் அந்த அலுவலகத்தைப் பூட்டியிருப்பார்கள்.

போன காரியம் முற்றிலும் வீணாகவில்லை. ஆணையருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. வளாகத்தின் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டப்போவது அமைச்சரும் இல்லை, ஆணையரும் இல்லை, கை தூக்கிய குடிமகன் ஜெபசிங்தான் என்று உத்தரவு வந்தது. வேதாசலம் அதை வீட்டுக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். பெர்சிஸ் அடுப்பறையிலிருந்து வெளியே வரவில்லை. அவர் போன பிறகு, நீங்க போகக்கூடாது என்றாள்.

"போவணும்" என்றார் ஜெபசிங். "மைக்கு குடுப்பாங்க இல்ல. ஊர் எதிர்க்க சொல்லிட்டு வந்துடறேன். மணியம்மக்காவும் கேட்டுக்கட்டும்."

"சொல்லுவீங்களா?" என்றாள். "ஆங், சொல்லுவேன்" என்றார்.

விழா மேய்ச்சல் நிலத்திலேயே நடந்தது. ஊர்க்காரர்களுக்குக் கொடியும் தொப்பியும் சாம்பார் சாதப் பொட்டலமும் கொடுத்து வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். முற்பகல் முழுவதும் வேதாசலம் கைதட்டப் பழக்கியிருந்தார். பேசுகிறவர் மூச்சு வாங்கும்போது தட்ட வேண்டும், இரு பக்கமும் நிற்கும் ஊழியர்கள் தட்டினால் கூடவே தட்ட வேண்டும், அவர்கள் நிறுத்தினால் நிறுத்த வேண்டும். மணியம்மை தொப்பி வாங்கிக்கொள்ளாமல் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள்.

ஜெபசிங்கிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் சொன்னார்.

"நான் இத்த கேக்கல."

மூச்சு வாங்கினார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அன்னிக்கி நான் கையத் தூக்கனது, இது இன்னா குப்பன்னு கேக்கறதுக்கு."

மறுபடியும் தட்டினார்கள்.

"நம்ம மாடு மேயற எடம் இது. நம்மளக் கேக்காம, நம்ம பேர சொல்லியே எடுத்துகினாங்க. இவங்களுக்கு இன்னா உரிமை கீது? நாம யாராவது குடுத்தமா?"

இம்முறை கைதட்டல் பந்தலைத் தூக்கியது. பாஸ்டர் தட்டினார். பெர்சிஸின் அண்ணன் எழுந்து நின்று தட்டினான். ஜெபசிங் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் சொன்னதற்காகத் தட்டுகிறார்களா, ஊழியர்கள் தட்டுவதால் தட்டுகிறார்களா என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் மச்சானிடம் இதைக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. தட்டும்போது மனசுக்கு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னான்.

ஆணையர் ஜெகநாதன் கண் கலங்க எழுந்தார். தான் கேட்டு வாங்கியதையே எதிர்த்துப் பேசும் சுதந்திரம் உலகில் வேறு எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார். இந்த ஒரு பேச்சுக்காகவே இந்த வளாகத்தை ஆயிரம் முறை திறக்கலாம் என்றார். ஜெபசிங்கைக் கட்டித் தழுவி, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, ரிப்பன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஜெபசிங் ரிப்பனை வெட்டினார்.

யாரும் அவர் கையைப் பிடித்து வெட்டவைக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஆணையரே எடுத்து வெட்டியிருப்பார். இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் கேமராக்கள் காத்திருந்தன, பெரிய மனிதர்கள் சிரித்தபடி நின்றார்கள், ஒரு கணம் இவ்வளவு பேரைக் காக்கவைக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தில் வெட்டிவிட்டார். நிமிர்ந்தபோது பந்தலுக்கு வெளியே மணியம்மை இல்லை.

அதன் பிறகு லாரிகள் வந்தன. காலையில் வந்தன, மாலையிலும் வந்தன. திருவிழா நாட்களில் வரிசையாக நின்றன. வாடிய மாலைகளும் எச்சில் தட்டுகளும் பிளாஸ்டிக் பைகளும் மழையில் ஊறி, நாற்றம் வீடுகளுக்குள் வந்து தங்கியது. மணியம்மை எருமைகளை ஆந்திரப் பக்கத்து நகரியிலிருந்து வந்த வியாபாரியிடம் விற்றுவிட்டு, திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கடைக்குப் பூக்கட்டப் போனாள். காலையிலும் பிற்பகலிலும் ஊருக்குள் வருவது ஜெபசிங்கின் வண்டி ஒன்றுதான். அதனால் அதிலேயே போனாள், அதிலேயே வந்தாள். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். பேச மாட்டாள். ஜெபசிங் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை, அவள் முகம் தெரியாதபடி கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார். பின்னால் வரும் லாரிகள் சரியாகத் தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

ஒரு நாள் பிற்பகல் திருத்தணியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது வேதாசலம் கைகாட்டி ஏறினார். ஜீப் பட்டறையில் நிற்கிறதாம், ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் ஓர் ஊரில் மறுநாள் நடக்கும் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யப் போகிறாராம். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். மணியம்மைக்கு அருகில்தான் இடம் கிடைத்தது. ஓட்டுகிறவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சுவரொட்டியில் அந்தக் கையைத் தினமும் பார்த்தவர்தான். ஆனால் இப்போது அது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நாகலாமேடு எல்லைக்குள் வந்ததும் வேதாசலம் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

"என்னங்க இது, இந்த நாத்தத்துல எப்படி இருக்கீங்க?" என்று வண்டியில் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். "ஊர்ல யாரும் கேக்கறதில்லையா?"

ஜெபசிங் வண்டியைச் சாலையோரம், கிடங்கின் வாசலுக்கு எதிரே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். திரும்பி அவரைப் பார்த்தார்.

"கேட்டேன் சார். உங்களத்தான் கேட்டேன்."

வேதாசலம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். ஆள் யாரென்று தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் வணக்கம் வைக்கக் கை எழுந்தது, பாதியில் நின்றது. எதையோ சொல்லத் தொடங்கினார். மக்களே என்று ஆரம்பிப்பதுபோலத்தான் இருந்தது, பிறகு விட்டுவிட்டார்.

ஈக்கள் உள்ளே வந்தன. "வண்டிய எடுங்க, எனக்கு நேரமாகுது" என்றார் தணிந்த குரலில்.

இரண்டு நிமிடம் தாமதமானாலே சத்தம் போடும் ஆட்கள் அவர்கள். அன்று ஒருவரும் அவசரப்படவில்லை. கடைசியில் மணியம்மை, மாதக்கணக்கில் அந்த வண்டிக்குள் பேசாதவள், வாயைத் திறந்தாள்.

"உக்காருங்க சார். நாங்க உக்காந்துகினுதான் கீறோம்."

வேதாசலம் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அவர் கண்கள் இப்போது தூரத்தில் எங்கும் இல்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் இப்படித் தலைகுனிவதைப் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஜெபசிங் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. நன்றாக இல்லை. அவர் முன்பக்கம் திரும்பி, தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைகளின் மேல் வைத்துக்கொண்டார்.

எதிரே லாரி ஒன்று வந்து, வாசலுக்குள் திரும்பி, சரக்கைக் கொட்டிவிட்டுப் போயிற்று. அப்போதும் யாரும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.